வேலிக்கு வெளியே ஓர் உயிர்வளம்: எண்ணூர் கழிமுகம்

லடாக்கின் சாங்தாங் மேட்டுநிலத்தில், கடல்மட்டத்துக்கு 4,500 மீட்டர் மேலே சோ மோரிரி என்று ஓர் ஏரி இருக்கிறது. சாங்தாங் குளிர்பாலைவனக் காட்டுயிர்ச் சரணாலயத்தைச் சேர்ந்த இந்த ஏரி 2002இல் ராம்சார் தலமாக, அதாவது பன்னாட்டு முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. கோடையில் இதன் தீவுத் திட்டுகளில் பழுப்புத்தலைக் கடற்காகங்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன. குளிர் இறங்கியதும் மத்திய ஆசியாவின் உயர்நில ஏரிகளில் இருக்கும் இந்த இனத்துப் பறவைகள் மலைகளைத் தாண்டி இந்தியக் கடற்கரைகளுக்கு வருகின்றன. சென்னையின் காசிமேடு மீன்பிடித் துறைமுகத்தில் படகுகளுக்குப் பின்னால் கூச்சலிட்டுப் பறப்பவை, எண்ணூர் முகத்துவாரத்து மணல்திட்டில் காற்றுக்கு எதிர்முகமாக வரிசைகட்டி நிற்பவை எல்லாம் இவைதான்.

இமயமலைச் சரணாலயங்களைப் பற்றித் தமிழில் எழுதும்போது பனிச்சிறுத்தையும் கஸ்தூரி மானும் முன்னால் வந்து நிற்கும். வரட்டும், அவற்றுக்கு அந்த உரிமை உண்டு. ஆனால் அந்த மலை உயிர்களில் ஒரு பகுதி ஆண்டில் பாதியை நம் ஊர்ச் சேற்றில்தான் கழிக்கிறது. கோடை வீட்டுக்குச் சட்டக் காவல் இருக்க, குளிர்கால வீட்டின் ஒரு பகுதியில் அனல்மின் நிலையச் சாம்பல் கொட்டிக் கிடக்கிறது. எண்ணூரின் சூழலியல் மதிப்பைப் பேச இங்கிருந்து தொடங்குவதே சரி என்று நினைக்கிறேன்.

எண்ணூர் கழிமுகம் என்பது ஆறு கடலில் விழும் ஓர் இடம் மட்டுமல்ல. மேற்கிலிருந்து கொற்றலை ஆறு வருகிறது. அரசு ஏடுகளில் அதற்குக் கொசஸ்தலை என்று பெயர். 1944இல் கட்டப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம் இதன் குறுக்கேதான் இருக்கிறது. புழல் ஏரியின் உபரிநீரும் வழியில் இதனுடன் சேர்கிறது. வடக்கும் தெற்குமாக பக்கிங்காம் கால்வாய் இதை வெட்டிக்கொண்டு போகிறது. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னையிலிருந்து எண்ணூர் வரை வெட்டப்பட்டு, பின்னர் பழவேற்காட்டுக்கு நீண்ட கால்வாய் அது. கிழக்கே கடல் நாளுக்கு இரண்டு முறை உள்ளே ஏறி இறங்குகிறது. மழைக்காலத்தில் நன்னீர், கோடையில் உப்புநீர், இடைப்பட்ட மாதங்களில் இரண்டும் கலந்தது என்று ஆண்டு முழுக்க மாறும் நீர்தான் இந்த நிலத்தின் அடிப்படை. அலையாத்தி, சேற்றுத்திடல், உப்பளம், மணல்மேடு எல்லாம் அந்த மாற்றத்துக்கு ஏற்ப அமைந்தவை.

வடக்கே கால்வாய் வழியாகப் போனால் பழவேற்காடு. சிலிக்காவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. அதன் தமிழ்நாட்டுப் பகுதி, 153.67 சதுர கிலோமீட்டர், 1980இல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பூநாரை பார்க்கச் சென்னைவாசிகள் கார் எடுத்துக்கொண்டு போகும் இடம் அது. எண்ணூரும் பழவேற்காடும் நீரால் இணைந்த ஒரே தொகுதி. இரண்டுக்கும் நடுவே காட்டுப்பள்ளி என்ற மணல்தீவு கடலுக்கும் கால்வாய்க்கும் இடையில் நீளவாக்கில் கிடக்கிறது. மீனும் பறவையும் இந்த முழு நீளத்தையும் ஒன்றாகவே பயன்படுத்துகின்றன. நாம்தான் வடக்குப் பாதியைச் சரணாலயம் என்றும் தெற்குப் பாதியைத் தொழிற்பேட்டை என்றும் பிரித்து வைத்திருக்கிறோம்.

சேற்றுத்திடலைச் சற்று அருகில் பார்க்கவேண்டும். ஓதம் வடிந்ததும் கறுத்துப் பளபளக்கும் அந்தச் சமவெளி தூரத்திலிருந்து வெறும் அழுக்காகத்தான் தெரியும். ஐந்து நிமிடம் அசையாமல் நின்றால் அது நகரத் தொடங்கும். விரல்நுழையும் வளைகளிலிருந்து ஒரு கை மட்டும் பெருத்த சின்ன நண்டுகள் வெளியே வந்து அந்தக் கையை ஆட்டும். செதில் போலச் சுருண்டு கிடக்கும் மண் ஒவ்வொன்றும் ஒரு புழு துப்பியது. அதற்கும் கீழே மட்டிகள். எந்த ஆழத்தில் என்ன இருக்கிறதோ அதற்கேற்ற அலகோடு பறவைகள் வருகின்றன: மேற்பரப்பைக் கொத்த உப்புக்கொத்தி, ஓரிரு அங்குலம் துழாவப் பவளக்காலி, வளைந்த நீண்ட அலகை வளைக்குள் விட்டு நண்டை இழுக்கக் கோட்டான். ஒரே திடலில் இத்தனை பேரும் சண்டையில்லாமல் சாப்பிட இதுதான் காரணம். நீர் ஏறியதும் இடம் கைமாறுகிறது. ஆலாக்கள் மேலிருந்து பாய, கூழைக்கடாக்கள் அரைவட்டமாக நீந்தி மீனைக் கரையோரம் ஒதுக்குகின்றன. மஞ்சள்மூக்கு நாரை அலகைத் திறந்தபடி முழங்காலளவு நீரில் நடக்கிறது.

மத்திய ஆசிய வலசைப் பாதை சுமார் 30 நாடுகளைத் தொட்டு இந்தியப் பெருங்கடல் வரை நீள்கிறது. அதன் தென்பகுதியில் இருக்கும் கடலோர ஈரநிலங்களில் எண்ணூர்-பழவேற்காடு தொகுதியும் ஒன்று. வடக்கே திரும்பிப் பறக்கத் தேவையான கொழுப்பைப் பறவை இங்கேதான் உடலில் சேர்க்கிறது. சேற்றில் புழு குறைந்தால், அதன் விளைவு பல மாதம் கழித்து ஏதோ ஒரு மலையேரியில் பொரிக்காத முட்டையாகத் தெரியவரும். அதற்கான காரணத்தை எண்ணூரில் தேட யாருக்கும் தோன்றாது.

பறவையைவிட இறால் கணக்கு இன்னும் நேரடியானது. வெள்ளை இறால் கடலில் முட்டையிடுகிறது. நூலளவு குஞ்சுகள் ஓதத்தோடு முகத்துவாரம் வழியாக உள்ளே வந்து, அலையாத்தி வேர்களுக்கிடையில் சில மாதம் வளர்ந்து, மீண்டும் கடலுக்குப் போகின்றன. மடவை, கொடுவா போன்ற மீன்களுக்கும் கழிமுகம் வளரிடம். ஆகவே எண்ணூர் கழிமுகம் கெடுவது எண்ணூர் மீனவரை மட்டும் பாதிக்கும் விஷயமல்ல. காசிமேட்டு ஏலத்துக்கு வரும் கூடையிலும் அது குறையும்.

இந்த நிலத்தின் உயிர்ப்பட்டியலில் மனிதரைச் சேர்க்காவிட்டால் ஆய்வு முழுமையாகாது. முகத்துவாரக்குப்பம், காட்டுக்குப்பம், சிவன்படைக்குப்பம், நெட்டுக்குப்பம், தாழங்குப்பம் என்று கரை நெடுகக் குப்பங்கள். வீச்சு வலைக்கு ஓர் இடம், கட்டு வலைக்கு ஓர் இடம் என்று கழியைப் பிரித்து வைத்திருக்கிறார்கள். பழவேற்காட்டில் யார் எந்த நாளில் எங்கே வலை போடுவது என்பதை முறைவைத்துத் தீர்க்கும் ‘பாடு’ ஏற்பாடு தலைமுறைகளாக நடக்கிறது. வலையே இல்லாமல் பிழைப்பவர்களும் உண்டு. இருளர் பெண்கள் கழுத்தளவு நீரில் தவழ்வதுபோல நகர்ந்து, அடிச்சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பார்கள். பிடித்த இறாலைப் போடும் ஓலைப்பறியின் கயிற்றைப் பல்லில் கவ்வியிருப்பார்கள். இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கவேண்டுமே, வேறு எப்படிப் பிடிப்பது? நீர் கெட்டால் முதலில் தெரிவது இவர்களுடைய தோலுக்குத்தான். இந்தக் கழியில் அவர்களைவிட நம்பகமான அளவுகோல் எந்த ஆய்வகத்திலும் கிடையாது என்பேன்.

இனி சாம்பலுக்கு வருவோம். எண்ணூர் அனல்மின் நிலையம் 1970இல் ஓடத் தொடங்கி 2017இல் மூடப்பட்டது. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது. பின்னர் அதன் இரண்டாம் கட்டம் 1,200 மெகாவாட், 2024இல் மூன்றாம் கட்டம் 800 மெகாவாட். இடையில் வல்லூரில் 1,500 மெகாவாட். நிலக்கரியை எரித்த பின் மிஞ்சும் சாம்பலை நீரில் கரைத்துக் குழம்பாக்கி, ஆற்றின் மேலே போகும் குழாய்கள் வழியாகச் செப்பாக்கத்துச் சாம்பல் குளத்துக்கு அனுப்புவது வட சென்னை நிலையத்தின் முறை. குழாய் பழையது. உடைந்த இடத்தில் எல்லாம் குழம்பு ஆற்றில் இறங்கியது. ஒருநாள் இருநாள் அல்ல, வருடக்கணக்கில்.

சாம்பல் இரண்டு வகையில் கொல்கிறது. அதிலுள்ள கன உலோகங்கள் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள், அது உண்மையும்கூட. ஆனால் மீனவர்கள் முதலில் சொல்வது வேறு. ஆழம் போய்விட்டது என்பார்கள். ஆள் மூழ்கும் ஆழம் இருந்த இடத்தில் இப்போது இடுப்பளவு நீர்கூட இல்லை. சிமெண்ட் தரை போல இறுகிய சாம்பல் படிவில் நண்டு வளை தோண்ட முடியாது, மட்டி புதைய முடியாது, புழு வாழ முடியாது. மேலே சொன்ன பறவைப் பந்தி அங்கே அதோடு முடிந்தது. ஓதமும் தூர்ந்த வாய்க்கால்களில் ஏறாமல் பாதியிலேயே திரும்பிவிடுகிறது. போதாக்குறைக்கு, மின்நிலையத்துக் குளிர்விப்பு நீர் சூடு ஆறாமல் கழியில் விடப்படுகிறது. குஞ்சு இறாலுக்கு ஓரிரு பாகை வெப்பக் கூடுதலே அதிகம்.

முகத்துவாரத்தின் கதை தனி. சோழமண்டலக் கரையில் ஆண்டின் பெரும்பகுதி மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் சென்னைத் துறைமுகச் சுவர்கள் அதை மறித்தபோது தெற்கே மெரினா அகன்றது, வடக்கே ராயபுரம் கரையைக் கடல் தின்றது. இன்றும் ராயபுரம் முதல் எண்ணூர் வரை கருங்கல் கொட்டித்தான் சாலையைக் காப்பாற்றுகிறார்கள். 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது. இப்போது அது காமராஜர் துறைமுகம். முகத்துவாரத்துக்கு வடக்கே அதன் அலைத்தடுப்புச் சுவர் எழுந்ததும், மணல் அதற்குத் தெற்கே ஒதுங்கி முகத்துவாரத்தை அடைக்கிறது. தோண்டிவிட்டால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். கழிக்கு மூச்சு போகும் வழி அது ஒன்றுதான்.

இவ்வளவுக்கும் சட்டத்தில் எண்ணூர் அநாதை அல்ல என்பதுதான் வேடிக்கை. 1991இன் கடற்கரை ஒழுங்காற்று அறிவிக்கைப்படி தயாரிக்கப்பட்டு, 1996இல் மத்திய அரசு ஒப்புதல் தந்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் கட்டுமானத்துக்கு இடமில்லாத முதல் வகையில் இருக்கிறது. சுமார் 6,500 ஏக்கர். ஆனால் பின்னர் திட்டங்களுக்கு அனுமதி வழங்கியபோது கையாளப்பட்டது வேறொரு வரைபடம். அதில் கழிமுகத்தின் பெரும்பகுதியைக் காணோம். 2017இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் மூலம் மீனவர்களும் சூழல் ஆர்வலர்களும் உண்மையான வரைபடத்தை வெளியே கொண்டுவந்தார்கள். அதே ஆண்டு ஜனவரியில் டி.எம். கிருஷ்ணா பாடிய சென்னைப் புறம்போக்குப் பாடலின் படம் எண்ணூரில் எடுக்கப்பட்டு ஊரெல்லாம் பரவியது. 2022 ஜூலையில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு, சாம்பலால் வந்த கேட்டைச் சரிசெய்வது தமிழ்நாடு மின்உற்பத்திக் கழகத்தின் பொறுப்பு என்று தீர்ப்பளித்தது. தீர்ப்புகளுக்கு எண்ணூரில் பஞ்சம் இருந்ததில்லை.

2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதி எண்ணெய் கசிந்தது. பிளாஸ்டிக் வாளியில் கசடை அள்ளிய காட்சியை நாடே பார்த்தது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலி சுத்திகரிப்பு ஆலைப் பக்கமிருந்து வந்த எண்ணெய், பக்கிங்காம் கால்வாய் வழியாகக் கழிமுகத்தில் பரவியது. முந்தையதைவிட இது மோசம். 2017 எண்ணெயைக் கடல் அலை கரைத்துச் சிதறடிக்க முடிந்தது; இது அலையே இல்லாத உள்நீரில் அலையாத்தியின் மூச்சு வேர்களில் பூசிக்கொண்டது. வெண்கண்டல் மரம் நிலத்திலிருந்து விரல் விரலாக மேலே நீட்டும் அந்த வேர்களால்தான் காற்று வாங்குகிறது. அவற்றில் எண்ணெய் அப்பினால் மரத்தின் மூக்கைப் பொத்தியதற்குச் சமம். மார்பும் இறகும் கறுத்த கூழைக்கடாக்கள் பறக்க முடியாமல் திடல்களில் நின்றன. வனத்துறையினர் அவற்றைத் தேடி அலைந்தார்கள். வாழ்வாதாரம் பாதிக்கப்பட்ட 2,301 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 12,500 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. அந்த மாதக் கடைசியிலேயே பெரியகுப்பத்தில் உர ஆலையின் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து மக்கள் நள்ளிரவில் தெருவுக்கு ஓடிவந்தார்கள்.

இன்னொரு தொல்லை சத்தமில்லாமல் வந்தது. தென், மத்திய அமெரிக்கக் கரைகளுக்குச் சொந்தமான ஒரு சிப்பி இன்று கழிமுகத்தில் பாய் விரித்தாற்போல் படர்ந்திருக்கிறது. மீனவர்கள் இதைக் ‘காக்கா ஆழி’ என்கிறார்கள். கப்பல்களின் நிலைப்பு நீரோடு வந்திருக்கவே அதிக வாய்ப்பு. இது படர்ந்த இடத்தில் மஞ்சள் மட்டி இல்லை, இறால் மேயத் தரை இல்லை, கையால் தடவிப் பிடிப்பவருக்கு விரல் கிழிகிறது. நலமாக இருக்கும் கழியில் புதிய விருந்தாளி இவ்வளவு எளிதாக வீட்டைப் பிடித்திருக்க முடியாது. ஏற்கெனவே பாதி காலியான வீடு இது.

பறவைக்காகவும் நண்டுக்காகவும் நகரம் மனமிறங்காது என்றால், நகரம் தன் கணக்கையே பார்க்கட்டும். சென்னையின் மூன்று ஆறுகளில் அதிக வெள்ளம் சுமப்பது கொற்றலைதான். அடையாறும் கூவமும் அதற்குப் பின்னர்தான். அத்தனை நீரும் கடலுக்குள் போகும் வழி எண்ணூர். அது தூர்ந்தால் நீர் பின்னால் ஏறும். 2021 நவம்பரில் பூண்டி திறந்தபோது மணலி புதுநகர் மூழ்கியது அப்படித்தான். அடுத்தது நிலத்தடி நீர். 1960களிலிருந்து மீஞ்சூர், பஞ்செட்டி, தாமரைப்பாக்கம் கிணறுகள் சென்னைக்கும் மணலி ஆலைகளுக்கும் நீர் தந்தன. அளவுக்கு மீறி உறிஞ்சியதில் கடல்நீர் பல கிலோமீட்டர் உள்ளே வந்து மீஞ்சூர்க் கிணறுகள் உப்பாயின. 2010இல் அதே மீஞ்சூரின் பெயரால் காட்டுப்பள்ளியில் நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை திறக்கப்பட்டது. நிலம் இலவசமாகச் செய்துகொண்டிருந்த வேலைக்கு இப்போது மின்கட்டணம் கட்டுகிறோம்.

சரி, என்ன செய்யலாம்? அரசுக்கும் நிறுவனங்களுக்கும் உடனே நினைவுக்கு வருவது அலையாத்தி நடுவது. படம் எடுக்க வசதி, நாற்று எண்ணிக்கையை அறிக்கையில் போடவும் வசதி. அலையாத்தி இருந்து அழிந்த இடத்தில் நடுவதை யாரும் மறுக்க மாட்டார்கள். ஆனால் சேற்றுத்திடலைப் ‘பொட்டல்’ என்று நினைத்து அங்கெல்லாம் நட்டால், உப்புக்கொத்தியும் கோட்டானும் மேயும் திறந்த தரை போய்விடும். சாம்பல் மேல் நட்ட நாற்று தானாகவே செத்துப்போகும் என்பது வேறு விஷயம். நீர் சரியாக ஏறி இறங்கினால் அலையாத்தி தன் விதையைத் தானே கொண்டுவந்து ஊன்றிக்கொள்ளும். ஆகவே முதல் வேலை நாற்றுப்பண்ணையில் இல்லை. சாம்பலை அள்ளுவது, வாய்க்கால்களின் பழைய ஆழத்தை மீட்பது, முகத்துவாரத்தைத் திறந்தே வைப்பது ஆகியவைதான் முதல் வேலை.

எண்ணூரையும் சரணாலயமாக அறிவித்துவிடலாமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அதில் தயக்கம் உண்டு. இமாச்சலத்தின் பெரிய இமயமலைத் தேசியப் பூங்கா 1999இல் முறைப்படி அறிவிக்கப்பட்டு, 2014இல் யுனெஸ்கோ பட்டியலிலும் ஏறியது. காட்டுயிருக்கு அது நன்மை. ஆனால் தலைமுறைகளாக அங்கே ஆடு மேய்த்தவர்களும் மூலிகை எடுத்தவர்களும் அந்த அறிவிப்போடு உரிமை இழந்தார்கள். அதே ஏற்பாடு எண்ணூரில் வந்தால் பறியைப் பல்லில் கவ்விய பெண்தான் முதலில் வெளியேற்றப்படுவாள்; சாம்பல் குழாய் அங்கேயே இருக்கும். கழிமுகத்துக்குக் காவல் வேண்டியது ஆலைகளிடமிருந்து, மீனவரிடமிருந்து அல்ல. மீன்பிடிப்பை அனுமதித்து, நிரப்புவதையும் கழிவு விடுவதையும் தடுக்கும் ஈரநில விதிகள் 2017இலேயே வந்துவிட்டன. பள்ளிக்கரணை 2022இல் ராம்சார் தலமானது, கழுவேலி 2024இல். குப்பைமேட்டோடு போராடிக்கொண்டே பள்ளிக்கரணை அந்தப் பட்டியலில் ஏறியது என்றால், எண்ணூர்-பழவேற்காடு தொகுதி ஏற முடியாது என்று சொல்ல முகாந்திரம் இல்லை.

இதற்கிடையில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தை 330 ஏக்கரிலிருந்து 6,100 ஏக்கருக்கு மேல் விரிக்கும் திட்டம் கோப்பில் இருக்கிறது. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் பொது மக்கள் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவிக்கப்பட்டு நின்றுபோனது. பழவேற்காட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருக்கும் மணல் அரண்களில் ஒன்று காட்டுப்பள்ளி. சரணாலயத்தின் எல்லைக்குள் ஒரு செங்கல் வைக்காமலேயே சரணாலயத்தை அழிக்கலாம் என்பதற்கு இதைவிடத் தெளிவான உதாரணம் வேண்டியதில்லை.

கோரிக்கை நீளமானதல்ல. 1996இன் வரைபடத்தைத் தரையில் எல்லைக்கல் நட்டு அடையாளப்படுத்தவேண்டும். தீர்ப்பாயம் சொன்ன சாம்பல் அகற்றும் வேலையை, எவ்வளவு அள்ளினார்கள் என்று குப்பங்களின் முன்னிலையில் மாதாமாதம் கணக்குக் காட்டிச் செய்யவேண்டும். இந்த இரண்டும் முடியும்வரை எண்ணூரிலோ காட்டுப்பள்ளியிலோ எந்தப் புதிய திட்டத்துக்கும் கருத்துக்கேட்புக் கூட்டத் தேதியைக்கூட அறிவிக்கக் கூடாது.